விடை இல்லாத பாடநூலும் விடை எழுதிய குறிப்பேடும்

இந்தியாவில் அறிவியல் படித்த எவருக்கும் ‘ரெக்கார்டு நோட்டு’ நினைவிருக்கும். ஒரு பக்கம் கோடில்லா வெள்ளைத்தாள், அதில் பென்சில் படம். எதிர்ப்பக்கம் கோடிட்ட தாள், அதில் நோக்கம், தேவையான பொருள்கள், செய்முறை, காண்பன, முடிவு என்ற வரிசை. தொடக்கத்தில், இஃது இன்ன மாணவரின் சொந்தப் பணியே என ஆசிரியர் கையொப்பமிடும் ‘போனஃபைடு’ சான்றிதழ். ஆனால் ஒரே வகுப்பின் நாற்பது ஏடுகளை அடுக்கிவைத்துப் பார்த்தால் நாற்பதிலும் ஒரே வாக்கியங்கள் இருக்கும், ஒரே முடிவு இருக்கும், பல வேளைகளில் அளவுகள்கூட ஒன்றாகவே இருக்கும். சோதனை தவறிப்போன நாள் எந்த ஏட்டிலும் பதிவாகியிராது.

இந்நிலைக்கு மாணவரின் சோம்பலையோ ஆசிரியரின் அக்கறையின்மையையோ மட்டும் காரணமாகச் சொல்லிவிட முடியாது. அந்த ஏடு எதற்காக உருவானது என்பதில்தான் காரணம் இருக்கிறது. 1857இல் தொடங்கப்பட்ட கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் தொடக்க காலத்தில் கற்பிக்கும் நிறுவனங்களாக அன்றித் தேர்வு நடத்தும் நிறுவனங்களாகவே இயங்கின. கல்லூரிகளும் பள்ளிகளும் அத்தேர்வை நோக்கியே தம் பாடங்களை அமைத்துக்கொண்டன. பின்னாளில் செய்முறைக் கல்வி வேரூன்றியபோது அதன் ஏடும் தேர்வாளருக்குக் காட்டவேண்டிய சான்றாவணமாகவே வளர்ந்தது. தேர்வாளருக்குக் காட்டும் ஆவணத்தில் பிழை இருக்கலாகாது. அடித்தல் திருத்தல் இருக்கலாகாது. பிழையும் திருத்தமும் இல்லாத ஏடு வேண்டுமெனில், சோதனை செய்த பிறகு எழுதுவதைக் காட்டிலும் சரியான விடையைப் பார்த்து எழுதுவதே பாதுகாப்பான வழி.

ஆய்வாளர்களின் சொந்தக் குறிப்பேடுகள் இதற்கு நேர்மாறானவை. மைக்கேல் ஃபாரடே பல்லாண்டுகள் எழுதிவந்த ஆய்வு நாட்குறிப்பில் எண்ணிட்ட பத்திகள் மட்டும் 16,000க்கும் மேல். ஈர்ப்புவிசைக்கும் மின்சாரத்துக்கும் தொடர்பு உண்டா எனத் தேடி, எந்த விளைவும் கிட்டாமற்போன சோதனைகளும் அதில் பதிவாகியுள்ளன. முறையான பள்ளிக் கல்வி அதிகம் பெறாத, புத்தகம் கட்டும் தொழில் பழகிய ஒருவர், தமக்கு நேர்ந்ததை நேர்ந்தவாறே எழுதிவைத்தார். இப்பழக்கத்தைப் பள்ளி மாணவருக்குக் கொண்டுவர 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் முயன்றவர்களுள் முதன்மையானவர் ஆங்கில வேதியியலாளர் ஹென்றி எட்வர்ட் ஆம்ஸ்ட்ராங். மாணவன் தானே கண்டறிபவனாக நிற்க வேண்டும், சோதனை நடக்கும்போதே தன் சொற்களில் எழுத வேண்டும் என்பது அவர் முன்வைத்த முறையின் உயிர்நாடி. 1960களில் பிரிட்டனின் நஃபீல்டு திட்டமும் அமெரிக்காவின் பள்ளி இயற்பியல் திட்டமும் வேறு வடிவங்களில் இதே நோக்கத்தை மீட்டெடுத்தன. இவை பெரும்பாலும் ஆய்வகமும் பயிற்சி பெற்ற ஆசிரியரும் உள்ள பள்ளிகளை எண்ணி உருவானவை.

ஆய்வகம் இல்லாத, சில இடங்களில் மேசைகூட இல்லாத கிராமத்துப் பள்ளியில் இது இயலுமா? இக்கேள்விக்கு இந்தியாவில் முப்பது ஆண்டுகள் நீடித்த ஒரு விடை உண்டு. அது மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் நடந்தது. 2022இல் அந்த ஊர் நர்மதாபுரம் எனப் பெயர் மாற்றப்பட்டது. கல்வி வரலாற்றில் ஹோஷங்காபாத் என்ற பெயரே நிலைத்திருக்கிறது.

*

ரசூலியாவில் குவேக்கர்கள் நிறுவிய ‘ஃபிரண்ட்ஸ் ரூரல் சென்டர்’, பன்கேடி வட்டாரத்தில் இயங்கிய ‘கிஷோர் பாரதி’ ஆகிய இரு தன்னார்வ அமைப்புகள் 1972இல் மாநில அரசின் அனுமதியுடன் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு முயற்சியைத் தொடங்கின. கிஷோர் பாரதியை நிறுவிய அனில் சத்கோபால், மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் மூலக்கூறு உயிரியலாளராகப் பணியாற்றி, அப்பணியைத் துறந்து கிராமத்துக்கு வந்தவர். அந்நிறுவனத்தின் அறிவியலாளர்கள் தொடக்கத்திலேயே துணைநின்றனர். அடுத்த ஆண்டு முதல் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர்களும் ஆய்வு மாணவர்களும் சேர்ந்துகொண்டனர். அரசு கொடுத்த உரிமைகளுள் முக்கியமானது, பாடநூலையும் கற்பிக்கும் முறையையும் தேர்வையும் சேர்த்தே மாற்றிப்பார்க்கும் உரிமை. இம்மூன்றில் ஒன்றை மட்டும் மாற்றியிருந்தால் எஞ்சிய இரண்டும் அதனைப் பழைய இடத்துக்கே இழுத்துவந்திருக்கும்.

1978இல் இத்திட்டம் மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் விரிந்தது. 1982இல் இப்பணியைத் தொடர்ந்து நடத்துவதற்கென ‘ஏகலவ்யா’ என்னும் நிறுவனம் உருவானது. 6, 7, 8ஆம் வகுப்புகளுக்கான அதன் பாடநூலின் பெயர் ‘பால் வைக்ஞானிக்’. ‘குழந்தை அறிவியலாளர்’ என்பது அதன் பொருள்.

இந்நூலைப் பிற பாடநூல்களிலிருந்து பிரித்தது அதில் இல்லாத ஒன்று. அதில் விடைகள் இல்லை. மனப்பாடம் செய்யத்தக்க வரையறைகளும் இல்லை. ஒரு சோதனையை எப்படிச் செய்வது என்ற குறிப்பு இருக்கும். அதைத் தொடர்ந்து கேள்வி வரும். நிரப்பவேண்டிய அட்டவணையின் மாதிரி வரும். மீண்டும் கேள்வி வரும். விடை எழுதவேண்டிய இடம் மாணவரின் சொந்தக் குறிப்பேடு. பாடநூலை மட்டும் வைத்துக்கொண்டு எவரும் எதையும் படித்துவிட முடியாது. அச்சிட்ட நூலும் கையால் எழுதிய ஏடும் சேர்ந்தால்தான் பாடம் முழுமையாகும். ஒரே நூலைப் படித்த இரு மாணவரின் முழுப்பாடம் ஒன்றாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை.

*

குறிப்பேட்டை எப்படி அமைப்பது என்பதற்கு அங்கே தனிப்பாடம் ஏதும் தேவைப்படவில்லை. பாடத்தின் நடையே அதைக் கற்றுக்கொடுத்தது. மாணவர்கள் நான்கு நான்கு பேராக அமர்வர். சோதனையைக் குழுவாகச் செய்வர், எழுதுவதைத் தனித்தனியே செய்வர். அட்டவணையைச் சோதனைக்கு முன்பே கட்டம் போட்டுவைக்க வேண்டும். கட்டம் போடும்போதே எதைப் பார்க்கப்போகிறோம், எத்தனை முறை பார்க்கப்போகிறோம் என்பது மாணவருக்குத் தெளிவாகிவிடும். சோதனை முடிந்தபின் ஒவ்வொரு குழுவின் முடிவும் கரும்பலகைக்கு வரும். அங்கே வேறுபாடுகள் கண்ணுக்குத் தெரியும். அவற்றைப் பற்றி வகுப்பு பேசும்.

நீளத்தை அளக்கும் பாடத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒரே பொருளின் நீளத்தைப் பலர் தனித்தனியே அளந்தால் எண்கள் முற்றிலும் ஒத்துவராது. வழக்கமான வகுப்பில் ஆசிரியர் சரியான அளவைச் சொல்லுவார், மற்றவர்கள் அழித்துவிட்டு அதை எழுதுவர். இங்கே எல்லா எண்களும் ஏட்டில் இருக்க வேண்டும். ஏன் வேறுபடுகின்றன என்று கேட்ட பிறகே சராசரி என்னும் கருத்துக்கு வேலை வரும். அளவீட்டில் எப்போதும் ஓரளவு பிழை இருக்கும் என்பது கல்லூரியில் இயற்பியல் படிப்பவர்கூடப் பல வேளைகளில் சூத்திரமாக மட்டுமே அறிந்த செய்தி. அழிக்காத எண்களே ஆறாம் வகுப்பு மாணவருக்கு அதைக் கற்பித்துவிடும்.

வேரும் இலையும் பற்றிய பாடம் இத்திட்டத்தில் புகழ்பெற்றது. மாணவர்கள் பள்ளியைச் சுற்றியுள்ள வயலிலும் வரப்பிலும் செடிகளை வேரோடு பிடுங்கிவருவர். ஒவ்வொரு செடியின் இலை நரம்பும் வலைப்பின்னலா, இணைப்போக்கா எனப் பார்த்து ஒரு பத்தியில் குறிப்பர். வேர் ஆணிவேரா, சல்லிவேரா எனப் பார்த்து அடுத்த பத்தியில் குறிப்பர். பத்துப் பதினைந்து செடிகள் ஆனபின் அட்டவணையை மேலிருந்து கீழாகப் படித்தால் ஓர் ஒழுங்கு தெரியவரும். வலைப்பின்னல் நரம்புள்ள செடிக்கு ஆணிவேர். இணைப்போக்கு நரம்புள்ள செடிக்குச் சல்லிவேர். இருவித்திலை, ஒருவித்திலை என்னும் சொற்களை ஒருவரும் சொல்லாமலேயே மாணவர் அவ்வேறுபாட்டின் வாயிலுக்கு வந்துவிடுவர். இலையை மட்டும் காட்டி வேர் எப்படி இருக்கும் என்று கேட்டால் இப்போது அவர்களால் ஊகிக்க முடியும். ஊகம் சரியா என அறிய மண்ணைத் தோண்டிப் பார்க்கவும் தெரியும்.

இந்த ஒழுங்குக்கு அடங்காத செடிகளும் உண்டு. சேம்பின் அகன்ற இலையில் நரம்புகள் வலைபோல ஓடும். ஆனால் அதற்கு ஆணிவேர் கிடையாது. கிழங்கிலிருந்து சல்லிவேர்களே கிளம்பும். ஒரு மாணவி சேம்பைப் பிடுங்கிவந்தால் என்ன செய்வது? பாடநூலில் ஒழுங்கு முன்பே அச்சிடப்பட்டிருந்தால் அவள் தன் செடியைச் சந்தேகிப்பாள், அல்லது அந்த வரியை அடித்துவிடுவாள். ஒழுங்கு அச்சிடப்படாத நூலில் அவள் ஒழுங்கையே சந்தேகிக்க முடியும். விதிவிலக்கு என்ற சொல் அந்த நேரத்தில்தான் பொருள் பெறுகிறது. அந்த வரி ஏட்டில் நிற்குமா நிற்காதா என்பதைப் பொறுத்தே அவள் கற்றது அறிவியலா, அறிவியலைப் பற்றிய செய்தியா என்பது முடிவாகிறது.

*

இங்கே மொழி பற்றியும் சொல்லவேண்டும். ரெக்கார்டு நோட்டின் மொழி செயப்பாட்டு வினையால் ஆனது. கரைசல் ‘எடுத்துக்கொள்ளப்பட்டது’, அமிலம் ‘சேர்க்கப்பட்டது’, நிறமாற்றம் ‘காணப்பட்டது’. எடுத்தவர் யார், சேர்த்தவர் யார், கண்டவர் யார் என்பதற்கு அந்த வாக்கியங்களில் இடமில்லை. எவரும் செய்யாத சோதனையையும் இந்நடையில் பிழையின்றி எழுதிவிடலாம்.

தமிழில் தன்மை வினைமுற்றுக்கு இந்த ஒளிவுமறைவு இல்லை. ‘கண்டோம்’ என்று எழுதினால், எழுவாயைச் சொல்லாவிட்டாலும், கண்டவர் யார் என்பதை விகுதியே காட்டிவிடும். தமிழ் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ‘நாம்’, ‘நாங்கள்’ என்ற இரண்டு தன்மைப் பன்மைகள் தமிழில் உண்டு. ஹிந்தியின் ‘ஹம்’ இவ்விரண்டையும் பிரிப்பதில்லை. பாடநூல்கள் வழக்கமாக ‘நாம்’ என்றே பேசும்: நாம் அறிவோம், நாம் காண்கிறோம். எழுதுபவரையும் படிப்பவரையும் சேர்த்துக்கொள்ளும் ‘நாம்’ அது. மாணவரின் குறிப்பேட்டுக்கு உரிய சொல் ‘நாங்கள்’. எங்கள் குழு பார்த்தது இது; படிக்கும் நீங்கள் அப்போது அங்கில்லை; ஆகவே எப்படிப் பார்த்தோம் என்பதை உங்களுக்கு விளக்கவேண்டிய பொறுப்பு எங்களுடையது. அறிவியல் பதிவின் அறம் முழுவதும் இந்தச் சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. செயப்பாட்டு வினை பிழையன்று. முதிர்ந்த ஆய்வுக் கட்டுரைக்கு அது பொருந்தும். பார்க்கப் பழகும் குழந்தையின் கையில் அது பார்ப்பதற்கு மாற்றாகிவிடுகிறது.

ஹோஷங்காபாத் பாடநூல் கலைச்சொற்களை இயன்றவரை தள்ளிப்போட்டதற்கும் இதே காரணம்தான். பெயர் முதலில் வந்தால் அதையே விடையாக எழுதிவிட்டு மாணவர் நகர்ந்துவிடுவர். பெயர் இல்லாதபோது கண்டதை விவரிக்க வேண்டும். விவரிப்பதற்கு வீட்டு மொழியின் சொற்கள் ஏட்டுக்குள் வந்தாக வேண்டும்.

*

இத்தகைய ஏட்டுக்குத் தேர்வில் மதிப்பில்லை என்றால் அது சில மாதங்களில் அழிந்துபோகும். திட்டத்தை வகுத்தவர்கள் இதை அறிந்திருந்தனர். எனவே தேர்வறைக்குள் பாடநூலையும் சொந்தக் குறிப்பேட்டையும் கொண்டுசெல்ல அனுமதித்தனர். எழுத்துத் தேர்வோடு செய்முறைத் தேர்வும் இருந்தது. நூலில் விடை இல்லை. ஏட்டில் இருப்பது மாணவர் எழுதியது மட்டுமே. ஆண்டு முழுவதும் ஒழுங்காகப் பதிந்தவருக்கு அந்த ஏடு துணைநிற்கும். பிறருடையதைப் பார்த்து எழுதியவருக்கு அதில் எதை எங்கே தேடுவது என்றே தெரியாது. தேதி இடுவதும், பக்க எண் இடுவதும், தலைப்பு எழுதுவதும், அட்டவணைக்குப் பெயர் கொடுப்பதும் ஆசிரியரின் கட்டளையாக இருந்த நிலை மாறி, மாணவரின் சொந்தத் தேவையாகியது.

ஆசிரியர்களுக்கும் இது புதிய பழக்கமே. அவர்களுள் பலர் அறிவியல் பட்டதாரிகள் அல்லர். கோடை விடுமுறைப் பயிற்சியில் அவர்களும் மாணவரைப் போலவே நான்கு பேராக அமர்ந்து, ஒவ்வொரு சோதனையையும் செய்து, தம் ஏட்டில் எழுதினர். பல்கலைக்கழகப் பேராசிரியரும் கிராமத்து ஆசிரியரும் ஒரே தரையில் அமர்ந்து ஒரே கேள்வியோடு மல்லுக்கட்டினர். ‘எனக்குத் தெரியவில்லை, பார்ப்போம்’ என்று வகுப்பில் சொல்லும் துணிவு ஆசிரியருக்கு அங்கிருந்துதான் வந்தது. மாதாந்தரக் கூட்டங்களில் வகுப்பறைச் சிக்கல்கள் பேசப்பட்டன. பாடங்களைத் திருத்தி எழுதும் குழுவிலும் பள்ளி ஆசிரியர்கள் இடம்பெற்றனர். விடை கிடைக்காத கேள்விகளை மாணவர்கள் ‘சவாலிராம்’ என்னும் கற்பனை மனிதருக்குக் கடிதமாக எழுதினர். ஹிந்தியில் ‘சவால்’ என்றால் கேள்வி. அக்கடிதங்களுக்குப் பதிலும் போயிற்று. தீப்பெட்டிக் குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் கொண்டு அறிவியல் பொம்மைகள் செய்து பின்னாளில் நாடறிந்த அரவிந்த் குப்தாவும் 1970களின் இறுதியில் இங்கு பணியாற்றியவர்தான்.

இம்முறையின் சுமையையும் மறைக்கலாகாது. நாற்பது ஏடுகளில் நாற்பது வகையான வாக்கியங்கள் இருந்தால் ஒவ்வொன்றையும் படித்துத்தான் ஆக வேண்டும். ஒரே விடையைத் திருத்துவது எளிது. பல விடைகளை எடைபோடுவது கடினம். வகுப்பில் எண்ணிக்கை கூடும்போதும் சோதனைப் பொருள்கள் வந்துசேராதபோதும் ஆசிரியர் கரும்பலகையில் விடையை எழுதிப்போட்டுவிடுவது இயல்பு. அப்படி நடந்த வகுப்பில் பால் வைக்ஞானிக் வேறு எந்தப் பாடநூலைக் காட்டிலும் பயனற்றதாகிவிடும், ஏனெனில் அதில் படித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

*

2002ஆம் ஆண்டு மத்தியப் பிரதேச அரசு இத்திட்டத்தை நிறுத்தியது. அப்போது அது 15 மாவட்டங்களில் ஏறத்தாழ 1,000 பள்ளிகளில், ஏறத்தாழ 1 லட்சம் மாணவரிடம் சென்றுசேர்ந்திருந்தது. மாநிலம் முழுவதும் ஒரே பாடநூல் வேண்டும் என்பதும், இம்முறையில் படித்தவர்கள் மேல்வகுப்புத் தேர்வுகளில் பின்தங்குகிறார்கள் என்பதும் எழுந்த வாதங்கள். நாடெங்கிலுமிருந்து அறிவியலாளரும் கல்வியாளரும் எதிர்ப்புத் தெரிவித்தனர். முடிவு மாறவில்லை.

பெற்றோரின் அச்சத்தை எள்ளி நகையாடுவதற்கில்லை. ஒன்பதாம் வகுப்பில் மாணவர் சந்திக்கும் நூலும் தேர்வும் பழைய வகையினவாகவே இருந்தன. மூன்று ஆண்டுகள் ‘நாங்கள் கண்டோம்’ என்று எழுதிய கை, நான்காம் ஆண்டில் அச்சிட்ட வரையறையை ஒப்புவிக்க வேண்டியிருந்தது. அந்த இடைவெளியின் விலையைக் கொடுக்கவேண்டியவர்கள் கிராமத்துக் குழந்தைகள். ஆனால் இடைவெளியை மூட இரண்டு வழிகள் இருந்தன. மேல்வகுப்புகளை மாற்றுவது ஒன்று. கீழ்வகுப்புகளைப் பழையபடி ஆக்குவது மற்றொன்று. அரசு தேர்ந்தெடுத்தது இரண்டாவது வழியை.

திட்டம் நின்றாலும் அதன் பின்னிருந்த கருத்து நின்றுவிடவில்லை. 2005இன் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, பள்ளி அறிவைப் பள்ளிக்கு வெளியேயுள்ள வாழ்வோடு இணைப்பதையும் மனப்பாடத்திலிருந்து விலகுவதையும் தன் நெறிகளாக வைத்தது. 1993 முதல் தேசிய அளவில் நடந்துவரும் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில், 10 முதல் 17 வயதுக்குட்பட்டோர் தம் ஊர்ச் சிக்கல் ஒன்றை ஆய்வுசெய்து அறிக்கை தரும்போது, அன்றாடப் பணியைப் பதிந்த ‘லாக் புக்’கையும் உடன்வைக்க வேண்டும். தமிழ்நாட்டில் இம்மாநாட்டுக்குக் குழந்தைகளை அழைத்துச்சென்ற ஆசிரியர்கள் ஒன்றை அறிவார்கள்: அறிக்கையைப் பெரியவர் எழுதிக்கொடுத்துவிடலாம், நாட்பதிவை அப்படி எழுதிக்கொடுப்பது எளிதன்று. மழையால் போகமுடியாத நாளும், தராசு பழுதான நாளும், கணக்கு ஒத்துவராத நாளும் அதில் இருந்தால்தான் அது நம்பத்தக்கது.

எனினும் நாட்டின் பெரும்பாலான வகுப்பறைகளில் இன்றும் வழங்குவது ரெக்கார்டு நோட்டே. செயல்பாடுகள் நிறைந்த பாடநூல்கள் வந்துவிட்டன. செயல்பாட்டின் கீழேயே அதன் முடிவும் அச்சாகியிருந்தால் மாணவர் எழுதுவதற்கு மிஞ்சுவது அந்த முடிவின் படி மட்டுமே. ஹோஷங்காபாதின் முப்பது ஆண்டுகள் காட்டியது சிக்கலான ஒன்றன்று. குழந்தையின் ஏடு குழந்தையுடையதாக இருக்க வேண்டுமானால், பாடநூல் சில இடங்களில் வாய்மூடியிருக்க வேண்டும். ஆசிரியருக்குப் படித்துப்பார்க்க நேரம் வேண்டும். தேர்வு அந்த ஏட்டை மதிக்க வேண்டும். இம்மூன்றும் சேர்ந்திருந்த காலம்வரை, மேசையில்லாப் பள்ளிகளிலும் அது நடந்தது. கூடுதல் செலவின்றித் தொடங்கக்கூடிய மாற்றம் ஒன்றும் அதில் உண்டு: வகுப்பின் நாற்பது ஏடுகளுள் ஒன்றில் மட்டும் சேம்பு பற்றிய வரி இருந்தால், அதை அடிக்காமல் விட்டு, அந்த மாணவியைக் கரும்பலகைக்கு அழைத்து எழுதச் சொல்வது.